சைக்கிளுக்கு மின்விசைத் துணை: சிக்கனம் செய்யத்தக்க இடமும் தகாத இடமும்

கலப்பைக்கும் மாட்டுக்கும் அடுத்தபடியாக உழவனுக்கு உதவி வருவது சைக்கிள் என்றால் அது மிகையாகாது. வயலுக்கு உரமூட்டையும், சந்தைக்குக் காய்கறிக் கூடையும், சங்கத்துக்குப் பால் கேனும், தொழுவத்துக்குப் புல்கட்டும் இன்றளவும் அநேக ஊர்களில் சைக்கிளின் கேரியரிலேயே செல்லுகின்றன. 1949-ஆம் வருஷத்தில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னையில் ஏற்பட்டபின் சைக்கிள் நம் மாகாணத்துச் சரக்காகவே ஆகிவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் விடக் கற்றனர். அதன்பின் பள்ளி மாணவ மாணவியருக்கு அரசாங்கம் விலையின்றிச் சைக்கிள் வழங்கத் தொடங்கியது. அவ்விதம் வந்த சைக்கிள்களில் பல, பிள்ளைகள் படிப்பை முடித்துச் சென்றபின், திண்ணையோரத்தில் துருப்பிடித்துச் சாய்ந்து நிற்பதை எந்தக் கிராமத்திலும் காணலாம்.

அவை அங்ஙனம் நிற்பதற்குக் காரணம் மனிதனின் கால் வலிமை குன்றுவதேயன்றி, சைக்கிளின் குற்றமன்று. வயலில் உழைப்போரில் ஐம்பதைத் தாண்டியவர்களே இப்பொழுது மிகுதி. இளைஞர் நகரத்துக்குப் போய்விடுகின்றனர். நாற்பது லிட்டர் பாலை ஏற்றிக்கொண்டு மேட்டில் மிதிக்க முழங்கால் இடந்தராதபோது, பெட்ரோல் வண்டிக்குப் பணமில்லாத குடியானவர் செய்வது என்ன? பசுவை விற்றுவிடுகிறார். பசு போனால் பால் வருமானம் போவதோடு நிற்பதில்லை. தொழுவுரமும் போகிறது, நிலத்தின் வளமும் அதனுடன் குறைகிறது. ஆகவே சைக்கிளுக்குச் சிறிதளவு மின்விசைத் துணை கூட்டுவதைப் பற்றிய யோசனை வேடிக்கைப் பேச்சன்று. பண்ணையின் நலத்தைச் சேர்ந்த விஷயமேயாகும்.

இவ்விஷயத்தில் இருவகை அபிப்பிராயங்கள் வழங்குகின்றன. சைக்கிளுக்கு மோட்டார் பூட்டுவது வீண் செலவு, அது இரண்டு மாதத்தில் கெட்டுவிடும் என்பர் ஒரு சாரார். குறைந்த விலையில் எது கிடைத்தாலும் வாங்கிப் பூட்டிவிட்டால் போதும் என்பர் மற்றொரு சாரார். முன்னவர் சொல்வது உண்மையாவதற்குக் காரணமே பின்னவர் செய்யும் காரியந்தான். சிறு முதலில் இவ்வேலையைச் செவ்வையாகச் செய்து முடிக்கலாம். ஆனால் எந்த இடத்தில் காசைப் பிடிக்கலாம், எந்த இடத்தில் பிடிக்கவே கூடாது என்பதைத் தெரிந்துகொண்ட பின்னரே கடைக்குச் செல்ல வேண்டும். சுருங்கச் சொன்னால், சைக்கிளிலும் மோட்டாரின் பருமனிலும் சிக்கனம் செய்யலாம். பாட்டரியிலும் பிரேக்கிலும் செய்யலாகாது.

வேண்டிய விசை எவ்வளவு?

மோட்டார் பெரிதாக இருக்கவேண்டுமென்ற ஆசையே முதல் தவறு. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட்டு. திடகாத்திரமான மனிதன் நெடுநேரம் இடைவிடாமல் மிதித்தால் தரக்கூடியது சுமார் 75 வாட்டு, அதாவது ஒரு குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கே. 250 வாட்டு மோட்டார் என்பது அத்தகைய மூவர் கூடி மிதிப்பதற்குச் சமானம்.

ஓர் உதாரணம் காண்போம். சைக்கிளும் மோட்டாரும் பாட்டரியும் சேர்ந்து 30 கிலோ, ஆள் 60 கிலோ, நாற்பது லிட்டர் பால் 41 கிலோ. ஆக மொத்தம், கேன் நீங்கலாக, ஏறத்தாழ 130 கிலோ. இருபது அடி தூரத்துக்கு ஓரடி உயரும் தார்ச்சாலை மேட்டில் இந்தச் சுமையை மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற, சுமார் 210 வாட்டு வேண்டும். சமதரையில் மணிக்கு 18 கிலோமீட்டர் செல்ல, 120 வாட்டளவே போதும். ஆளும் மிதித்துக்கொண்டிருப்பானாகில், 250 வாட்டு மோட்டாருக்கு மேட்டிலும் மூச்சு வாங்காது. ஆகையால் 500 வாட்டு, 1,000 வாட்டு என்று விற்கப்படுவன, வேகத்தில் மோகம் கொண்டோருக்கு உரியவையே. அவை பாட்டரியை விரைவில் வற்றச் செய்யும். பழைய சட்டத்தையும் போர்க்கையும் முறிக்கும். பிரேக்குக்கு மிஞ்சிய வேகத்தில் ஓடும். சட்டத்தின் பிடியிலும் சிக்கவைக்கும். விரலுக்குத் தக்க வீக்கமே நன்று.

பாட்டரியின் கணக்கு

இவ்வேலையில் செலவின் பெரும்பகுதி பாட்டரிக்கே ஆகிறது. ஆதலால் கையில் பணம் குறையும்போது யாவரும் முதலில் கைவைப்பதும் பாட்டரியிலேதான். அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதைக் கணக்கிட்டே காணலாம்.

காலையிலும் மாலையிலும் நான்கு கிலோமீட்டர் தூரத்திலுள்ள பால் சங்கத்துக்குப் போய்வரும் குடியானவர், இரண்டு கிலோமீட்டர் தூரத்திலுள்ள தம் வயலுக்கும் நாளொன்றுக்கு இருமுறை போய்வருகிறார் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 24 கிலோமீட்டர் ஆகிறது. வண்டிப்பாதையும் தார்ச்சாலையும் கலந்த வழியில், மிதித்துக்கொண்டே மோட்டாரின் துணையையும் பெற்றுச் செல்வோருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்டு-மணி செலவாகும். ஆக ஒரு நாளைக்கு வேண்டியது 240 வாட்டு-மணி.

யு.பி.எஸ். பெட்டிகளுக்கு விற்கப்படும் 12 வோல்ட்டு, 12 ஆம்பியர்-மணி ஈய பாட்டரிகள் மூன்றைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட்டு கிடைக்கும். பெருக்கிப் பார்த்தால் 432 வாட்டு-மணி வருகிறது. ஆனால் ஈய பாட்டரியின் மேல் அச்சிட்டுள்ள அளவு, இருபது மணி நேரம் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைப்பது. சைக்கிள் மோட்டார் ஒரு மணி நேரத்தில் இழுத்துவிடும்போது அதில் ஆறு பங்கே கைக்கு வரும். நான்கு பங்கு உள்ளேயே நின்றுவிடும். ஆகவே உண்மையில் கிடைப்பது 260 வாட்டு-மணி. நாள்தோறும் இவ்வாறு அடிமட்டம்வரை வற்றவிட்டால் 200 தடவைக்கு மேல் அது உழைப்பது அரிது. மூன்றின் எடையும் சேர்ந்து சுமார் 12 கிலோ.

லித்தியம் பாட்டரிகளில் இரும்பு-பாஸ்பேட்டு வகை ஒன்றுண்டு. அதன் அறை ஒன்றுக்கு 3.2 வோல்ட்டு. பன்னிரண்டு அறைகள் தொடராகச் சேர்ந்த 10 ஆம்பியர்-மணி பாட்டரியில் 384 வாட்டு-மணி இருக்கும். பெரும்பகுதியைத் தயங்காமல் எடுக்கலாம். எடை ஈய பாட்டரியின் பாதிக்கும் குறைவு. ஒழுங்காகக் கையாண்டால் 1,000 தடவைக்கு மேல் உழைக்கும். நிக்கல் கலந்த மற்ற லித்தியம் வகை இதைவிட எடை குறைந்ததாயினும், வெப்பம் மிகுந்தால் தீப்பற்றும் இயல்பு அதற்கு அதிகம். சித்திரை வைகாசி வெயிலில் களத்து மேட்டில் நிற்கவேண்டிய வண்டிக்கு இரும்பு-பாஸ்பேட்டு வகையே தக்கது.

விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் பொருட்டு, ஈய பாட்டரி மூன்றும் ரூ. 6,000 என்றும், லித்தியம் பாட்டரி ரூ. 15,000 என்றும் வைத்துக்கொள்வோம். ஈய பாட்டரி 200 தடவையில் 4,800 கிலோமீட்டர் ஓடும், கிலோமீட்டருக்கு ரூ. 1.25 விழுகிறது. லித்தியம் பாட்டரி 1,000 தடவையில் 24,000 கிலோமீட்டர் ஓடும். கிலோமீட்டருக்கு 63 பைசா விழுகிறது. அதே 24,000 கிலோமீட்டர் ஓட ஈய பாட்டரியை ஐந்து முறை வாங்க வேண்டும், ரூ. 30,000 ஆகும். மலிவென்று வாங்கியது இருமடங்கு விலையாய் முடிகிறது. இதை விவசாயிகள் தம் உள்ளூர்க் கடை விலையை இட்டுத் தாமே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்கும்போது, எத்தனை தடவை மின்னேற்றலாம், எத்தனை மாத உத்தரவாதம் என்ற இரண்டையும் கேட்டு, பில்லில் எழுதி வாங்கவேண்டும். விலையை மட்டும் கேட்பது, பாலின் அளவைக் கேளாமல் பசுவின் விலையைக் கேட்பது போன்றதாம்.

பெட்ரோலுடன் ஒப்பிடுவதும் அவசியம். லிட்டர் ரூ. 100, லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்று கொண்டால், மொபெட்டுக்கு எண்ணெய்ச் செலவு மட்டும் கிலோமீட்டருக்கு ரூ. 2. மின்சைக்கிளுக்கு, சேதாரமும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 0.3 யூனிட் மின்சாரம் பிடிக்கும். யூனிட் ரூ. 8 என்று கொண்டாலும் கிலோமீட்டருக்குப் பத்துப் பைசாவே. பாட்டரித் தேய்மானத்தையும் கூட்டினால் 73 பைசா ஆகிறது. வருஷத்தில் 300 நாள் ஓடினால், மீதி ஏறத்தாழ ரூ. 9,000. பாட்டரித் தேய்மானத்தைச் சேர்க்காமல் ‘மின்சாரத்துக்குப் பத்துப் பைசாதானே’ என்று பேசுவோர் பாதிக் கணக்கையே சொல்லுகின்றனர். அதை நம்பி இறங்குவோர் பின்னால் மனம் வருந்துவர்.

சிக்கனம் செய்யத்தக்க இடங்கள்

முதலாவது, சைக்கிள். புதிது வாங்கவேண்டியதில்லை. கனமான எஃகுச் சட்டமுள்ள பழைய ரோட்ஸ்டர் சைக்கிளே இவ்வேலைக்கு மிக ஏற்றது. ஆனால் போர்க்கின் மேல்முனை, சட்டத்தின் மூட்டுகள், பின்சக்கர அச்சு பொருந்தும் இடம் ஆகியவற்றை மண்ணெண்ணெயால் துடைத்து, மயிரிழை போன்ற வெடிப்பேனும் உண்டா என்று வெயிலில் பார்க்கவேண்டும். வெடிப்புள்ளதை வெல்டிங் வைத்து ஒப்பேற்றி மோட்டார் பூட்டுதல் தகாது. அலுமினியப் போர்க்கிலும், ஸ்பிரிங் வைத்த போர்க்கிலும் முன்சக்கர மோட்டாரைப் பூட்டலாகாது.

இரண்டாவது, மோட்டார். உள்ளே பற்சக்கரமுள்ள 250 வாட்டு வகை ஹப் மோட்டார் போதுமானது. பாட்டரி தீர்ந்த பின்னும் அது தடையின்றிச் சுழலுமாதலால், வெறும் சைக்கிளாகவே வீடு வந்து சேரலாம். பற்சக்கரமில்லாத வகை உறுதியானதாயினும், மின்சாரம் இல்லாதபோது காந்தம் சக்கரத்தைப் பின்னிழுக்கும், மிதிப்பது கடினம். சட்டத்தின் ஓரத்தில் பொருத்திச் செயினால் சுழற்றும் 24 வோல்ட்டு மோட்டாரே யாவற்றிலும் மலிவு. வறண்ட தார்ச்சாலையில் அது நன்றாகவே உழைக்கும். சேற்று வழியில் இரண்டாவது செயின் ஓயாத தொல்லை தரும்.

மூன்றாவது, கூலி. சக்கரம் கோத்து நேர்செய்வதை உள்ளூர் சைக்கிள் கடைக்காரரே செய்வார். மற்றப் பூட்டுவேலைகளுக்கு, பம்புசெட்டின் ஸ்டார்ட்டரைத் தாமே பார்த்துக்கொள்ளும் பழக்கமுள்ள எந்த விவசாயிக்கும் ஒரு நாள் போதும்.

நான்காவது, அலங்காரம். வேகங்காட்டும் திரை, வண்ண விளக்கு, ஒலிப்பெட்டி முதலியவற்றால் பால் விரைவில் போய்ச் சேர்வதில்லை.

சிக்கனம் செய்யத்தகாத இடங்கள்

பாட்டரியைப் பற்றி மேலே கூறப்பட்டது. அதனுடன் சேர்ந்தது, அறைகளைச் சமமாகக் காக்கும் பாதுகாப்புப் பலகை. கடைகளில் இதைப் பி.எம்.எஸ். என்பர். பழைய மடிக்கணினிகளிலிருந்து பிரித்தெடுத்த அறைகளைக் கட்டி, பலகையின்றியோ பெயருக்கொரு பலகையுடனோ மலிவாக விற்பதுண்டு. ஒவ்வோர் அறைக்கும் வயதும் வலிமையும் வேறாதலால், வலுவற்றது முதலில் மிகை மின்னேற்றம் பெற்றுச் சூடாகும். முடிவு புகை அல்லது தீ. இத்தகைய பாட்டரியை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது.

அடுத்தது பிரேக். ரோட்ஸ்டர் சைக்கிளின் கம்பிப் பிரேக் ரிம்மின் உட்புறத்தை அழுத்துவது. ஆள் மிதிக்கும் வேகத்துக்கும் வறண்ட ரோட்டுக்கும் அது போதும். சுமையும் வேகமும் கூடி, மழையும் பெய்து, முலாம் பூசிய எஃகு ரிம் நனைந்திருக்கும்போது அதை நம்ப முடியாது. முன்பின் இரண்டு பிரேக்குகளும் புதுக் கட்டையுடன், தனித்தனியே வண்டியை நிறுத்தும் வலிமையுடையவையாக இருக்கவேண்டும். பிரேக்கைப் பிடித்த மாத்திரத்தில் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரம் நின்றுவிடும் கைப்பிடியும் தவறாது வேண்டும். அச்சாணியில்லாத தேர் முச்சாணும் ஓடாது. பிரேக்கில்லாத சைக்கிளோ ஓடும், ஆனால் நிற்காது.

மூன்றாவது, சக்கரமும் ஆரக்கம்பியும். இங்கேதான் அநேகர் பணத்தைத் தொலைக்கின்றனர். பழைய ரோட்ஸ்டர் சைக்கிள்களில் பெரும்பாலும் முன் ரிம்முக்கு 32 துளையும் பின் ரிம்முக்கு 40 துளையும் இருக்கும். ஹப் மோட்டார்களுக்கோ பெரும்பாலும் 36 துளை. ஆகவே வீட்டிலுள்ள ரிம்மிலேயே கோத்துவிடலாமென்று எண்ணி வெறும் மோட்டாரை வாங்கி வந்தவர், கடைவாசலில் திகைத்து நிற்பார். 26 அங்குல ரிம்மில் கோத்து விற்கும் சக்கரத்தை வாங்கினாலோ, 28 அங்குலச் சக்கரத்துக்கென அமைந்த கம்பிப் பிரேக் அதில் பொருந்தாது. ஆகையால் மோட்டார், ரிம், ஆரக்கம்பி, பிரேக் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று இசைகின்றனவா என்று சைக்கிளைக் கடைக்கே கொண்டுபோய்ப் பார்த்து வாங்கவேண்டும். கம்பி கனமானதாக இருக்கட்டும். முதல் வாரம் ஓடியபின் ஒருமுறை முறுக்கிச் சரிசெய்யட்டும்.

நான்காவது, மோட்டார் அச்சைப் பிடிக்கும் இரும்புத் தகடு. மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளும்போது, அதன் அச்சு போர்க்கின் பிளவைப் பின்னே திருப்பி நெம்பும். நட்டுத் தளர்ந்தால் பிளவு அகன்று சக்கரமே கழன்று விழும். அச்சின் தட்டையான பக்கத்தைக் கவ்விப் போர்க்கோடு பிணைக்கும் கனத்த எஃகுத் தகடு இதைத் தடுக்கும். சிறிய விலையுள்ள இத்தகட்டை வாங்காமல் விட்டவர்கள் பல்லை இழந்ததுண்டு.

ஐந்தாவது, பியூஸ். பாட்டரியின் நேர்முனையை ஒட்டியே, கண்ட்ரோலர் இழுக்கும் உச்ச ஆம்பியரைவிடச் சிறிது மிகுந்த பியூஸ் போடவேண்டும். இவ்வகைச் சைக்கிளுக்குப் பெரும்பாலும் 20 ஆம்பியர் பொருந்தும். பியூஸ் போனால் செப்புக் கம்பியைச் சுற்றிவிடும் பம்புசெட்டுப் பழக்கத்தை இங்கே அடியோடு மறக்கவேண்டும்.

கையிலுள்ள தொகையைப் பத்துப் பங்காக்கினால், ஐந்து பங்கு பாட்டரிக்கும் அதன் சார்ஜருக்கும், மூன்று பங்கு மோட்டாருக்கும் கண்ட்ரோலருக்கும், இரண்டு பங்கு பிரேக், ரிம், கம்பி, டயர், தகடு, பியூஸ் ஆகியவற்றுக்கும் ஒதுக்குவது நல்ல முறை. கடைசி இரண்டு பங்கு கையில் இல்லாதவர், அறுவடை முடியும்வரை பொறுத்திருப்பதே உத்தமம்.

முன்சக்கரமா, பின்சக்கரமா?

வயலுக்குப் போய்வர மட்டும் சைக்கிளை உபயோகிப்போருக்கு முன்சக்கர மோட்டாரே எளிது. செயினையும் பிரீவீலையும் தொடவேண்டியதில்லை. கேரியரில் கனத்த சுமை ஏற்றுவோருக்கு அது ஏற்றதன்று. சுமை பின்னே அழுத்தும்போது முன்சக்கரம் இலேசாகி, மேட்டிலும் மணலிலும் வெறுமனே சுழலும். பால்காரரும் காய்கறி வியாபாரியும் பின்சக்கர மோட்டாரையே தேர்ந்தெடுக்கவேண்டும். பின்சக்கர மோட்டார் அகலமானதாதலால் பழைய சட்டத்தின் பின்பகுதியைச் சிறிது விரிக்கவேண்டிவரும். எஃகுச் சட்டம் இதற்கு இடங்கொடுக்கும். ஆனால் தேர்ந்த கடைக்காரர் குளிர்ந்த நிலையிலேயே இருபுறமும் சமமாக விரிக்கவேண்டும். நெருப்பில் காய்ச்சி விரித்தால் எஃகின் வலிமை கெடும்.

ஆக்ஸிலேட்டர் கைப்பிடியைவிட, மிதிப்பதை அறிந்து மோட்டாரை முடுக்கும் அமைப்பே மேலானது. மிதித்தால்தான் துணை கிடைக்கும். ஆகவே பாட்டரி நீடிக்கும், உடம்புக்கும் நன்மை.

மின்னேற்றலும் மழைக்காலமும்

2022-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் வேலூரில், இரவில் மின்னேற்றத்தில் வைத்திருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றியதால் ஒரு தகப்பனும் மகளும் புகையில் சிக்கி உயிரிழந்தனர். அவ்வருஷத்தில் நாட்டின் பல இடங்களில் மின்ஸ்கூட்டர்கள் எரிந்ததையொட்டி மத்திய அரசாங்கம் வாகன பாட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கிற்று. கிராமத்து வீட்டில் அபாயம் இன்னும் அதிகம். கூரை ஓலையாக இருக்கும்; அருகே வைக்கோற்போர் இருக்கும்; தொழுவத்தில் மாடுகள் கட்டப்பட்டிருக்கும். ஆகையால் பின்வருவனவற்றைத் தவறாமல் கைக்கொள்ளவேண்டும்.

பாட்டரியை, கழற்றக்கூடிய பெட்டியில் வைக்கவேண்டும். மின்னேற்றுவது பகலில், ஆள் விழித்திருக்கும்போது, சிமெண்டுத் தரையில், வைக்கோலுக்கும் மரத்துக்கும் எட்டத்தில் நடைபெறவேண்டும். வாசற்படி வழியில் வைத்து மின்னேற்றலாகாது. தீப்பற்றினால் வெளியேறும் வழி அடைபடும். வெயிலில் ஓடிவந்த பாட்டரியை ஆறவிட்ட பின்னரே மின்னேற்றவேண்டும். அந்தந்த பாட்டரிக்குரிய சார்ஜரையே உபயோகிக்கவேண்டும். பன்னிரண்டு அறை இரும்பு-பாஸ்பேட்டு பாட்டரி 43.8 வோல்ட்டிலும், பத்து அறை நிக்கல் லித்தியம் பாட்டரி 42 வோல்ட்டிலும் நிறைகின்றன. ‘இரண்டும் 36 வோல்ட்டுதானே’ என்று ஒன்றன் சார்ஜரை மற்றொன்றுக்கு மாட்டுவது விபரீதத்தில் முடியும். உப்பிய பாட்டரியையும், நீரில் மூழ்கிய பாட்டரியையும் மீண்டும் மின்னேற்றவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வயர் இணைப்புகள் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். சக்கரத்தின் ஹப் முழுகும் ஆழத்தில் வண்டியைச் செலுத்தலாகாது. பம்புசெட்டு நீரைப் பீய்ச்சிக் கழுவுவதும் கூடாது. ஈரத்துணியால் துடைத்தல் போதும்.

இன்னுமொன்று. விவசாய மின்னிணைப்பில் தரப்படும் கட்டணமில்லா மின்சாரம் நீர் இறைப்பதற்கென்றே அளிக்கப்பட்டது. மோட்டார் கொட்டகையில் சைக்கிளை மின்னேற்றுவது முறையன்று. நாளுக்கு மூன்று ரூபாய்க்கும் குறைவான செலவை மிச்சப்படுத்த எண்ணி, மின்னிணைப்புக்கே கேடு தேடிக்கொள்வது புத்திசாலித்தனமாகாது.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்துக்கு

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டு, பாட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மேற்படாமல், தக்க பிரேக்கும் முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு ஒளித்திருப்பிகளும் உடையதாய், சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றதாயுள்ள மின்வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே கருவியை வாங்கும்போதே அந்த ஒப்புதலின் நகலைக் கேட்டுப் பெறவேண்டும். இவ்வரம்பை மீறினால் பதிவு, இன்ஷூரன்ஸ், லைசென்ஸ் ஆகிய யாவும் வேண்டிவரும். விபத்து நேர்ந்தபின் இதை அறிந்து பயனில்லை. கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இவ்விவரத்தைக் கூட்டங்களில் எடுத்துச் சொல்வது அவர்களுக்குச் சிறு வேலை. ஊருக்குப் பெரும் உபகாரம்.

உழைத்து ஓய்ந்த பாட்டரியைக் கிணற்றருகிலும் குப்பைமேட்டிலும் எறிவதைத் தடுப்பதும் அவர்கள் பொறுப்பே. ஈய பாட்டரியை உடைத்து ஈயம் உருக்குவது நிலத்துக்கும் குழந்தைகளுக்கும் நஞ்சு. 2022-ஆம் வருஷத்து பாட்டரிக் கழிவு விதிகள், பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது வைத்திருக்கின்றன. ஆகவே வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கவேண்டும்.

சில ஆட்சேபணைகள்

‘இவ்வளவு செலவில் பழைய மொபெட்டு ஒன்று வாங்கிவிடலாமே’ என்று கேட்பதுண்டு. நாள்தோறும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடவேண்டியவரும், நூறு கிலோ சுமை ஏற்றுபவரும் அவ்விதம் செய்வதே சரி. மின்சைக்கிள் அவர்களுக்கு ஏற்றதன்று. ஐந்தாறு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வாழ்க்கை நடத்தும் சிறு விவசாயியின் நிலை வேறு. மொபெட்டில் எண்ணெய் தீர்ந்தால் தள்ளவேண்டும். சைக்கிளில் பாட்டரி தீர்ந்தால் மிதிக்கலாம். லைசென்ஸ் இல்லாத மூதாட்டியும் அதைச் செலுத்தலாம்.

‘மிதிக்க மாட்டாதவனுக்கல்லவா மோட்டார்?’ என்று ஏளனம் செய்வாரும் உண்டு. கவலை ஏற்றத்தை விட்டுப் பம்புசெட்டுக்கு வந்தபோதும் இவ்விதமே ஏளனம் செய்தனர். இப்பொழுது கவலை இறைக்கும் கிணறு எங்கே இருக்கிறது? உழைப்பைக் குறைப்பது சோம்பலன்று. மிச்சப்பட்ட பலத்தை வயலில் செலவிடுவதே அறிவுடைமை.

முடிவுரை

யாவரும் ஒரே நாளில் மாறவேண்டுமென்பதில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் வசதியுள்ள நிலச்சுவான்தார் ஒருவர், தம் பண்ணையில் நிற்கும் பழைய சைக்கிள் ஒன்றை மேற்கூறிய முறைப்படி மாற்றி, பால் கொண்டு செல்லும் ஆளிடமோ, இரவில் மடை திறக்கச் செல்லும் ஆளிடமோ கொடுத்து, ஒரு வருஷம் ஓடவிட்டுப் பார்ப்பாராக. ஓடிய தூரம், ஏற்றிய யூனிட், செய்த ரிப்பேர் ஆகியவற்றை ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்து வருவாராக. புது விதையை நம்பாத குடியானவர், அடுத்த வரப்பில் விளைந்த கதிரைப் பார்த்தபின் தாமே விதைக்கக் கேட்டு வருவது வழக்கம். இதிலும் அவ்விதமே நடக்கும்.

ஆனால் அந்த முதல் சைக்கிள் நல்ல பாட்டரியும் நல்ல பிரேக்கும் உடையதாக இருக்கவேண்டும். அது தீப்பற்றினாலும் தடுக்கி விழுந்தாலும், அந்த ஊரில் அப்பால் பத்து வருஷத்துக்கு இதைப்பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள். முழங்கால் நோவால் பசுவை விற்றவரும் திரும்ப வாங்கமாட்டார். ஆகையால் முதலில் செய்பவர் தமக்காக மட்டுமன்றி ஊருக்காகவும் செய்கிறார் என்பதை மனத்திற்கொண்டு, காசைப் பிடிக்கவேண்டிய இடத்தில் பிடித்து, விடவேண்டிய இடத்தில் தாராளமாய் விட்டு, இக்காரியத்தை நடத்துவாரென நம்பப்படுகிறது.